வீட்டைப் பூட்டுங்க சார், வண்டி கிளம்பியாச்சு!

(திண்டுக்கல்லைச் சுத்தி, தை முதல் மார்கழி வரை)

ஊர் உலகத்துக்கெல்லாம் பூட்டு செய்து கொடுத்த ஊர் திண்டுக்கல். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று விதவிதமாகச் செய்து, 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனால் பாருங்கள், அந்த ஊர்க்காரர்களுக்கே தங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்க மனசு வருவதில்லை!

'டூர்' என்றால் கொடைக்கானல். காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பி, வளைவுக்கு ஒருத்தராக வாந்தி எடுத்து, ஏரியை ஒரு சுத்து சுத்தி, மிளகாய்ப்பொடி தடவின சோளக்கருதைக் கடித்து, ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து "அப்பாடா" என்று விழுவது. மறுநாள் ஆபீசில், "லீவு எப்படி சார் போச்சு?" என்று கேட்டால், "செம அலைச்சல்" என்று பதில்.

இதற்கு நடுவில்தான் நம் இளைஞர்களுக்குப் புதுசாக ஒரு ஆசை வந்திருக்கிறது. கேரவன்!

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டுத் தூங்குகிற வண்டி. இப்போது அப்படி இல்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் செல்போனைத் திறந்தால் யாரோ ஒரு வெள்ளைக்கார ஜோடி வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறது. கதவைத் திறந்தால் ஏரி, ஜன்னலைத் திறந்தால் மலை. பக்கத்து மாநிலமான கேரளாவில் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று தனித் திட்டம் அறிவித்துவிட்டார்கள். நம்ம ஆள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பெருமூச்சு விடுகிறார். "ஹும்... அதுக்கெல்லாம் பல லட்சம் வேணும் சார். வீட்டுக் கடனே இன்னும் பதினாலு வருஷம் இருக்கு."

கொஞ்சம் பெருமூச்சை நிறுத்துங்கள் சார். கேரவனும் கேம்பும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று யார் சொன்னது?

மாசாத்துவான் ஞாபகம் இருக்கா?

பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரம் நடத்தும்போது, கோவலனுடைய அப்பா பெயர் மாசாத்துவான் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். 'சாத்து' என்றால் வணிகர் கூட்டம். வண்டியும் மாடும் கழுதையுமாகச் சேர்ந்து, வழியில் தங்கித் தங்கிப் போகிற கூட்டம். அதாவது கேரவன்! அந்தக் கூட்டத்துக்குப் பெரிய தலைவர் மாசாத்துவான். உப்பு வண்டிகளை ஓட்டிக்கொண்டு, குடும்பத்தோடு, சட்டிபானையோடு ஊர் ஊராகப் போன உமணர்களைச் சங்கப் புலவர்கள் பல இடத்தில் பாடியிருக்கிறார்கள்.

கேம்புக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. பாளையம்! படை இறங்கித் தங்குகிற இடம் பாளையம். அதையே பேராக வைத்து ஊர்களும், ஆட்சிப் பிரிவுகளும், அதை ஆண்ட பாளையக்காரர்களும் வந்தார்கள். விருப்பாட்சிப் பாளையம், கன்னிவாடிப் பாளையம் என்று திண்டுக்கல் வட்டாரமே பாளையங்களால் ஆன பூமி. கூடாரம் அடிப்பது நமக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை.

சரி, இப்போது ஒரு சின்னப் பரீட்சை. திண்டுக்கல்லிலிருந்து பழநிக்குப் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் கூவுகிற ஸ்டாப்புகளைக் கவனியுங்கள். ரெட்டியார்சத்திரம்... ஒட்டன்சத்திரம்... சத்திரப்பட்டி... பழநி! மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர்தான். அதற்குள் மூன்று சத்திரம். எதற்கு?

மாட்டு வண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போகும். விடிகாலையில் திண்டுக்கல்லில் வண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் ரெட்டியார்சத்திரம். மாட்டை அவிழ்த்து, தண்ணி காட்டி, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம். வெயில் தாழக் கிளம்பினால் ராத்திரிக்கு ஒட்டன்சத்திரம். மறுநாள் சத்திரப்பட்டியில் இளைப்பாறிவிட்டு நேரே பழநி. ஒரு வண்டி மாடு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதை டிக்கெட் வாங்குகிற ஸ்டேஜாக மட்டும் பார்க்கிறோம்.

மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளை இன்றைக்கும் ஜனங்கள் எதற்காக நினைக்கிறார்கள்? சாலை போட்டதற்கும், மரம் வைத்ததற்கும், சத்திரம் கட்டியதற்கும்தான். வண்டியை அவரவர் கொண்டு வருவார்கள். இறங்க இடம் வேண்டுமே! அதைத்தான் ராணி கொடுத்தார்.

இந்தக் கட்டுரைக்கு விஷயமே அதுதான். கேரவனில் முக்கியம் வண்டி இல்லை சார், வண்டி நிற்கிற இடம். நிழல், தண்ணீர், "யாருப்பா அது?" என்று கேட்க ஒரு ஆள்... இந்த மூன்றும் இருந்தால் டிவிஎஸ் ஃபிஃப்டியும் கேரவன்தான். இல்லாவிட்டால் பல லட்ச ரூபாய் வேனும் நடுரோட்டில் நிற்கிற தகர டப்பாதான்.

இனி, திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஒரு வருஷம் முழுக்க இறங்கித் தங்குவது எப்படி என்று பார்ப்போம். காலண்டர் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அச்சடித்தது நாம் இல்லை, நம் தாத்தாக்கள்!

தை: நடக்கிற ஊர்

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி கிளம்பும். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடை. சுமார் 400 வருஷமாக நடக்கிறார்கள். எந்த நாள் எங்கே ராத்தங்கல், எங்கே சாப்பாடு, எங்கே பூஜை என்று எல்லாம் முன்னாடியே தீர்மானம். அதைவிட ஆச்சரியம், போகும்போது மட்டும் இல்லை, திரும்பும்போதும் காவடியோடு நடந்தேதான் வருவார்கள். நம்ம ஆள் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலே பைக்கை உதைப்பார்!

அவர்களைத் தவிர மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் மார்கழியிலேயே பச்சை வேட்டிக் கூட்டம் ஆரம்பித்துவிடும். அந்த நாட்களில் திண்டுக்கல் - பழநி ரோட்டைப் பார்க்க வேண்டும். கல்யாண மண்டபம், ரைஸ் மில் களம், பள்ளிக்கூடத் திண்ணை, மூடின கடை வாசல் எல்லாமே படுக்கையறை. ஒரு பக்கம் மோர், ஒரு பக்கம் சுண்டல். கால் கொப்புளத்துக்கு யாரோ முன்பின் தெரியாத ஒரு பாட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். பணம் கேட்கிற ஆள் கிடையாது, ஆதார் கார்டு கேட்கிற ரிசப்ஷனும் கிடையாது.

பூசம் முடிந்தபின் சேலம் மாவட்டம் எடப்பாடிக்காரர்கள் காவடியோடு வருவார்கள். பழநி மலைக்கோயிலில் ராத்திரி யாரும் தங்கக் கூடாது என்பது விதி. அதற்கு விலக்கு இவர்களுக்கு மட்டும்தான். மலைமேலேயே தங்கி, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். தலைமுறை தலைமுறையாக வருகிற உரிமை. ஒரு ராத்திரி ஓரிடத்தில் படுத்துக்கொள்வதற்கு இவ்வளவு மரியாதை இருக்கிறது சார்!

பக்தி இருக்கிறதோ இல்லையோ, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து ரெட்டியார்சத்திரம் வரை நடந்துதான் பாருங்களேன். ஒரே எச்சரிக்கை. ராத்திரி நடக்கிறவர்களுக்குப் பெரிய எதிரி பின்னால் வருகிற வண்டி. முதுகிலும் பையிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஸ்டிக்கர் ஒட்டாமல் ஓரடி வைக்காதீர்கள். ரோட்டின் மேல் உட்கார்ந்து கால் நீட்டி இளைப்பாறுகிற பழக்கத்தால் போன உயிர்கள் கொஞ்சம் இல்லை.

மாசி, பங்குனி: தண்ணி எடுத்து வருகிறவர்கள்

மாசியில் நத்தம் மாரியம்மன். கரந்தமலையிலிருந்து தீர்த்தம் எடுத்து வந்து காப்புக் கட்டுவார்கள். பூக்குழி அன்றைக்கு நத்தத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வழுக்குகிற கழுமரத்தில் பையன்கள் ஏறுவதும் சறுக்குவதும் தனி வேடிக்கை. ஆபீசில் பிரமோஷனுக்கு முயற்சி செய்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய காட்சி!

பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாடு முழுக்கப் பழநியை நோக்கிக் கிளம்பும். கொடுமுடியில் காவிரித் தண்ணீரைக் கலசத்தில் மொண்டு, தீர்த்தக் காவடியாகத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வருவார்கள். கொளுத்துகிற வெயிலில் கொண்டுவரும் தண்ணீரை முருகனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தோளோடு திரும்புவார்கள்.

மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு மர நிழலில் கல் கூட்டிச் சோறாக்குவது இந்தப் பயணங்களில் வழிவழியாக வந்த பழக்கம். இன்றைக்கு மாடு போய் மினி லாரி வந்துவிட்டது. கல்லுக்குப் பதில் கேஸ் அடுப்பு. ஆனால் புளியமரம் அதே புளியமரம்தான், ரோடு அகலப்படுத்தும்போது வெட்டாமல் விட்டிருந்தால்.

சித்திரை: அழகரோடு கேம்ப்

சித்திரைத் திருவிழாவைப் பற்றி மதுரைக்காரர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நாம் வேறு கோணத்தில் பார்ப்போம். கள்ளழகர் மலையிலிருந்து கிளம்பி, வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டபங்களில் நின்று நின்று, ஆற்றில் இறங்கி, மறுபடி நின்று நின்று ஊர் திரும்புகிறார். சாமியே கேம்ப் அடித்துக்கொண்டு போகிற பயணம் அது! ஒவ்வொரு மண்டகப்படிக்கும் உரிமைக்காரர், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு உபசாரம். அவர் பின்னாலேயே சுற்றுவட்டாரக் கிராமங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, வைகைக் கரையிலும் தோப்புகளிலும் நாள் கணக்கில் தங்கியது ஒரு காலம்.

மதுரைக் கூட்டத்தில் நசுங்க முடியாதவர்களுக்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு அழகர் இருக்கிறார். தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள். கரூர் ரோட்டில் கொஞ்ச தூரம்தான். அவரும் சித்திரையில் குடகனாற்றில் இறங்குகிறார். அந்தக் கோயில் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, "இது திண்டுக்கல் பக்கத்திலயா இருக்கு?" என்று திண்டுக்கல்காரரே கேட்பார்.

வைகாசி, ஆனி: ரயிலடியில் ஒரு கேரவன்

கோடை விடுமுறைக்கு வெளியூர்க்காரர்கள் 'கொடைக்கானல் ரோடு' ஸ்டேஷனில் ஆசையாக இறங்குவார்கள். இறங்கி நாலாபுறமும் பார்ப்பார்கள். "கொடைக்கானல் எங்கே?" என்றால் போர்ட்டர் சிரிப்பார். இன்னும் சுமார் 80 கிலோமீட்டர்!

பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். கொடைக்கானலில் 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டிய காலத்தில் மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. பின்னால் ரயில் வந்ததும் துரைமார்கள் அம்மையநாயக்கனூரில், அதாவது இதே ஸ்டேஷனில், இறங்கினார்கள். வாசலில் கூண்டு மாட்டு வண்டி நிற்கும். உள்ளே வைக்கோல் பரப்பி, மெத்தை விரித்து, துரையும் துரைசானியும் குழந்தைகளும் படுத்துக்கொள்ள, வண்டி ராத்திரி முழுக்க வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகக் குலுங்கிக்கொண்டே போகும். நடுவில் மாடு மாற்றுவார்கள். விடியும்போது மலையடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. அங்கே இறங்கி, பல் விளக்கி, காபி குடித்து, அதற்கப்புறம் குதிரையிலோ, ஆட்கள் தூக்குகிற நாற்காலியிலோ மலையேற்றம். 1910-களில் காட் ரோடு போட்ட பிறகுதான் இது மாறியது.

கட்டில் வைத்த வண்டி, ராத்திரிப் பயணம், காலையில் தோப்பு... செல்போனில் நீங்கள் பார்த்துப் பெருமூச்சு விட்டது இதைத்தானே? நம் திண்டுக்கல் சமவெளியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஓடியிருக்கிறது! என்ன, மெத்தையில் படுத்தவர் துரை. வண்டி ஓட்டினதும், மாடு மாற்றினதும், மலையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினதும் நம்ம ஆட்கள்.

இன்றைக்கு மலை அவ்வளவு தாங்குவதில்லை. வாகன நெரிசல் எல்லை மீறிப்போய், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆனது. வண்டி நிறைய இருக்கிறது, நிற்க இடம் இல்லை!

அதனால் ஆனியில் நம் யோசனை, மலைக்குப் போகாதீர்கள். நத்தம் பக்கம் மாம்பழக் காலம். தோப்பு வைத்திருக்கிற நண்பர் ஒருத்தரைப் பிடியுங்கள். கயிற்றுக் கட்டில், பம்ப்செட், தலைக்கு மேலே காய். காவல்காரர் கதை சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். காலையில் பம்ப்செட் தொட்டியில் குளித்துவிட்டு நேரே ஆபீஸ். மேனேஜருக்கு நாலு பழம் கொடுத்தால் லேட் பெர்மிஷன் கூடக் கிடைக்கலாம்.

ஆடி, ஆவணி, புரட்டாசி: ஆறும் ஆடும்

ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு தண்ணீர் உள்ள இடம் தேடிப் போவது தமிழ்நாட்டு வழக்கம். திண்டுக்கல்காரர்களுக்குத் தண்ணீர் என்றாலே ஆத்தூர் காமராஜர் அணை. ஊர் குடிக்கிற தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டவாவது ஒருமுறை போய் வரலாம். பகலில் போய், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். அது குடிதண்ணீர். சோப்பு போட்டுக் குளிக்கிற இடமும் இல்லை, பாட்டில் உடைக்கிற இடமும் இல்லை.

ஆவணியில் காவி உடை அணிந்த கூட்டம் கிழக்கே நடக்கும். வேளாங்கண்ணி பாதயாத்திரை. செப்டம்பர் 8 மாதா பிறந்தநாளுக்குள் போய்ச் சேர வேண்டும். முன்னால் சின்ன சப்பரமோ தள்ளுவண்டியோ போக, பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டே போவார்கள். தையில் பழநிக்காரர்களுக்குத் திறந்த மண்டபமும் களமும் ஆவணியில் இவர்களுக்கும் திறக்கும். ரோட்டோரத்தில் மோர் ஊற்றுகிறவர் கழுத்தில் கிடப்பது உருத்திராட்சமா, சிலுவையா என்று தாகத்தோடு வந்தவர் பார்ப்பதில்லை.

புரட்டாசி வெயிலில் அறுவடையான வயல்களில் பார்த்தால் ஆட்டுக்கிடை போட்டிருக்கும். கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு மாதக் கணக்கில் ஊர் ஊராக வருகிறவர்கள். இன்றைக்கு இவர் வயல், நாளைக்கு அவர் வயல். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், அதற்குக் கூலி கீதாரிக்கு. தங்க இடம் கேட்டு வருகிறவர் நிலத்தைக் கெடுத்துவிட்டுப் போகவில்லை, செழிக்க வைத்துவிட்டுப் போகிறார். நம் கேம்ப் முடிந்த இடத்தில் பிரியாணிப் பொட்டலமும் பிளாஸ்டிக் டம்ளரும் கிடக்கிறது. கீதாரி நம்மைப் பார்த்துச் சிரிப்பாரா, மாட்டாரா?

ஐப்பசி முதல் மார்கழி: குதிரையும் சாமிமாரும்

ஐப்பசி மழை விட்டதும் சிறுமலைக்குப் போங்கள். திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவு. அங்கே தோட்டங்களிலிருந்து மலை வாழையும் எலுமிச்சையும் சவ்சவ்வும் ரோட்டுக்கு வருவது குதிரை முதுகில். வரிசையாக, மணி கட்டின குதிரைகள், முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை. மாசாத்துவான் காலத்துச் 'சாத்து' இன்னும் மிச்சம் இருக்கிறது, ஒரு மணி நேர பஸ் தூரத்தில்! சிறுமலை வாழைக்கும், விருப்பாட்சி மலை வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வாங்கினால் மலையிலேயே வாங்குங்கள். தோலைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கார்த்திகை பிறந்தால் வத்தலக்குண்டு, தேனி, குமுளி ரோடு முழுக்க ஐயப்ப சாமிமார். ஆந்திரா வண்டி, கர்நாடகா வண்டி, தமிழ்நாட்டு வண்டி. மேலே சாமான் மூட்டை, உள்ளே பாய், பின்னால் கேஸ் சிலிண்டர். நல்ல நிழல், நல்ல குழாய் கண்ட இடத்தில் நிறுத்தி, குளித்து, சமைத்து, சரணம் சொல்லிக் கிளம்புகிறார்கள். இந்தியாவின் ஆகப் பெரிய கேரவன் சுற்றுலாவுக்கு இதுவரை யாரும் அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். சமையலுக்குக் குருசாமி, உடனே பாத்திரம் தேய்ப்பதற்குக் கன்னிச்சாமி என்று பொறுப்புப் பிரித்திருப்பதைப் பாருங்கள். எந்த ஆபீசிலும் இவ்வளவு ஒழுங்கு கிடையாது!

டென்ட் அடிக்கக்கூடாத இடம்

இவ்வளவு சொன்னபிறகு ஒரு கண்டிப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். "எல்லாம் சரி சார், நாலு பேரா சேர்ந்து காட்டுக்குள்ள டென்ட் போட்டா என்ன?" என்று கேட்கிறீர்கள் இல்லையா?

2018 மார்ச் 11. பக்கத்துத் தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் உங்களை மாதிரி, ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறுக்கு ஒரு மாறுதல் தேடிப் போன இளம் வயதுக்காரர்கள். காய்ந்த புல்லில் தீ ஓடுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அதுவும் மேட்டை நோக்கி.

அதனால்தான் வனத்துறைக் காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதோ தங்குவதோ குற்றம். போகத்தான் வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலையேற்றத் தடங்களை அறிவித்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். அந்தந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள். "மூடியிருக்கு" என்றால் மூடியிருக்குதான். அண்ணனுக்குத் தெரிந்த வாட்ச்சர் என்று சிபாரிசு பிடிக்காதீர்கள்.

இன்னொன்று. ராத்திரிக் காடு காலியாக இல்லை. அய்யலூர், கடவூர் பக்கத்துக் காடுகளில் தேவாங்கு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, முகம் முழுக்கக் கண். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களைச் சேர்த்து 2022-ல் அதற்கென்று சரணாலயமே அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கான முதல் சரணாலயம் இதுதான். அது இருட்டில் மட்டும் இரை தேடுகிற பிராணி. நாம் பாட்டுப் பெட்டியும் ஃபிளாஷ் லைட்டுமாகப் போய் இறங்கினால் அன்றைக்கு அது பட்டினி.

ஆனால் இதோடு கதவைச் சாத்திவிடக் கூடாது என்பதும் முக்கியம். காடு வேண்டாம், மலை நெரிசல், அணைப் பூங்கா சாயங்காலத்தோடு சரி, மலைக்கோட்டையும் பொழுது சாய்வதற்குள் மூடிவிடுவார்கள். அப்புறம் சம்பளக்காரன் எங்கேதான் போய் வானத்தைப் பார்த்துப் படுப்பான்? ரிசார்ட்டில் கண்ணாடிக் கூடாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தா? ஒரு காலத்தில் ராணி இலவசமாகக் கொடுத்த நிழலும் திண்ணையும் இன்றைக்கு விலைப் பட்டியலில் வந்துவிட்டது. திருவிழா நாட்களில் திறக்கிற அந்த மண்டபங்களும் களங்களும் தோப்புகளும்தான் மிச்சம். நாம் போய்த் தங்கினால்தான் அவை இருக்கும். நாம் குப்பை போட்டால் அவையும் பூட்டப்படும். பூட்டுக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன?

முதல் ராத்திரிக்கு என்ன வேண்டும்?

ஒரு பாய், ஒரு போர்வை, டார்ச், கொசுவத்தி, தண்ணீர் கேன், தூக்குச்சட்டியில் புளியோதரை, குப்பைக்கு ஒரு காலிப் பை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரை. அவ்வளவுதான். சமவெளியில் குளிர் பயம் இல்லை. முதலில் மொட்டை மாடியில் ஒரு ராத்திரி ஒத்திகை பாருங்கள். கொசுவையும், எதிர்வீட்டு நாயையும், மூன்று மணிக்குத் தண்ணீர் வருகிற மோட்டார் சத்தத்தையும் தாங்கிவிட்டால் நீங்கள் பாஸ்.

அடுத்தது இடம். அதற்குத்தான் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் ஆபீசில் எத்தனை பேர் தினமும் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள்? வேடசந்தூர், குஜிலியம்பாறை, சாணார்பட்டி, நிலக்கோட்டை, கன்னிவாடி... ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஊர், ஊரில் ஒரு களமோ கிணற்றடியோ, வருஷத்தில் ஒரு திருவிழா. "ஒருநாள் வாங்க சார்" என்று அவர்களும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாமும் "கட்டாயம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்துவிடுகிறோம்.

பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பேர் போதும். வண்டி வாங்க லோன் வேண்டாம், பாஸ் வேண்டாம், ஆப் வேண்டாம். நாளைக்குக் காலையில் பக்கத்து சீட்டைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"உங்க ஊர்ல திருவிழா எப்போ சார்?"